கூரையின் கீழ் வெப்பம்: வன்னி வீடுகளின் வரலாறு பற்றிச் சில குறிப்புகள்

வீட்டின் வரலாற்றை எழுதுவோர் அத்திவாரத்திலிருந்து தொடங்குவது வழக்கம். நாம் இங்கே கூரையிலிருந்து தொடங்குகின்றோம். முல்லைத்தீவுக் கரையோரத்தில், போருக்குப் பின் எழுந்த வீடொன்றினுள் சோளகக் காலத்து நண்பகலில் நுழையும் எவரும் முதலில் உணர்வது தலைக்கு மேலிருந்து இறங்கும் வெப்பத்தையே. சுவரும் தரையும் பின்னரே கண்ணிற் படும். சில வீடுகளில் சீலிங் என்பதே இல்லை. சிலவற்றில் முன் அறைக்கு மட்டும் பலகை அடித்து, மற்ற அறைகளைப் பின்னர் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டிருக்கின்றனர். இன்னும் சிலவற்றில் கூரைத் தகட்டின் கீழ் விரித்த வெப்பத்தடுப்புத் தாள் கிழிந்து தொங்குகின்றது. அந்தக் கிழிசலின் வழியே அணில் போய் வருகின்றது.

"வேலை சரியில்லை, மேசன் ஏமாற்றிவிட்டான்" என்று வீட்டார் சொல்கின்றனர். "சனங்களுக்கு வீடு கட்டத் தெரியவில்லை, கொடுத்த காசை ஒழுங்காகச் செலவழிக்கவில்லை" என்று உத்தியோகத்தர் சொல்கின்றனர். இவ்விரு கூற்றுகளையும் நாம் பலமுறை கேட்டிருக்கின்றோம். இரண்டிலும் சிறிது உண்மை உண்டு. ஆனால் ஓரிரண்டு வீடுகளில் நேர்ந்தால் மேசனின் குற்றம் எனலாம். ஒரு மாவட்டம் முழுவதும் ஒரே குறை காணப்படுமாயின், அதற்குரிய காரணத்தை மேசனின் கையில் மட்டும் தேடுவது வரலாற்று நோக்காகாது.

வன்னியின் பழைய குடிமனை மண்சுவரும் புற்கூரையும் கொண்டது. காட்டோரத்தில் இலுக்கம் புல், கரையோரத்தில் பனையோலை, தென்னை உள்ள இடங்களில் கிடுகு என, எது அருகில் கிடைத்ததோ அதுவே கூரையாயிற்று. தடித்து வேயப்பட்ட ஓலைக் கூரையின் ஒவ்வோர் அடுக்குக்கும் இடையே அசையாத காற்று அகப்பட்டிருக்கும். வெப்பத்தைத் தடுப்பது உண்மையில் அக்காற்றேயாம். இன்று கண்ணாடி நாரிலும் நுரைப் பலகையிலும் விலைகொடுத்து வாங்கப்படுவதும் இதே அசையாக் காற்றுத்தான். வேயும் வேலையைத் தனி ஒருவர் செய்வதில்லை. மாரிக்கு முன் அயலவர் கூடுவர். வீட்டார் சோறு போடுவர். அடுத்த கிழமை வேறொரு வீடு. எவர் கூரையில் இடைவெளி விழுந்ததோ அவர் வீட்டில் மழைநீர் ஒழுகும் என்பதனாலும், தம் வீட்டுக்கும் நாளை இதே கைகள் வரும் என்பதனாலும், வேலையின் தரத்துக்குத் தனியே ஒரு மேற்பார்வையாளர் வேண்டியிருக்கவில்லை.

இதனைச் சொல்லும்போது பழமையைப் போற்றிப் பாடுவது எமது நோக்கமன்று. ஓலைக் கூரை தீக்கு இரையாவது. கறையானுக்கும் பூச்சிக்கும் இடங்கொடுப்பது. ஆண்டுதோறும் ஏழையின் உழைப்பை விழுங்குவது. அதைவிட்டு ஓட்டு வீட்டுக்குப் போக எவரும் விரும்பியது நியாயமே. ஓடு என்பதும் வெறும் கட்டடப் பொருளாக இருந்ததில்லை. மலையாளக் கரையில் தாழ்த்தப்பட்ட சாதியினர் வீட்டுக்கு ஓடு வேய்வது முற்காலத்தில் தடைசெய்யப்பட்டிருந்தது. அந்தத் தடை தளர்ந்துகொண்டிருந்த காலத்திலேதான், 1865இல், பாசல் மிஷனார் மங்களூரில் இயந்திர ஓட்டுத் தொழிற்சாலையை நிறுவினர். அக்கரையிலிருந்து வந்த தட்டை ஓடு இலங்கையில் கள்ளிக்கோட்டை ஓடு என்னும் பெயரோடு பரவி, பழைய பீலி ஓட்டைப் பின்தள்ளியது. முல்லைத்தீவு மாவட்டத்து ஒட்டுசுட்டானிலேயே பிற்காலத்தில் அரச ஓட்டுத் தொழிற்சாலை ஒன்று இயங்கியது. போர் அதனை மூடவைத்தது; போர் முடிந்த பின்னரும் அது நீண்ட காலம் மூடியே கிடந்தது. தம் மண்ணிலேயே ஓடு சுட்ட ஒரு மாவட்டம், வீடு கட்டும் காலம் வந்தபோது ஓட்டுக்கு வெளியூரை எதிர்பார்க்க நேர்ந்தமை இதனாலாகும்.

ஓட்டுக் கூரைக்கு ஒரு தனிக் குணம் உண்டு. ஓட்டுக்கும் ஓட்டுக்கும் இடையே நூற்றுக்கணக்கான சிறு இடுக்குகள் இருக்கின்றன. மேலே எழும் சூடான காற்று அவற்றின் வழியே வெளியேறுகின்றது. அக்கூரையில் இடைவெளி நன்மை செய்வது. தகரமும் சிமெந்துத் தகடும் வந்தபின் நிலைமை மாறிற்று. சூடான காற்று போக வழியில்லை, தகடே அடுப்பின் மேலிட்ட ஓடு போலக் காய்கின்றது. அப்பொழுது கீழே ஒரு தடுப்பு வேண்டும். அத்தடுப்பில் இடைவெளி விழுந்தால் அது தீமை. வீட்டாரும் மேசனும் தலைமுறையாக அறிந்திருந்தது முதலாவது வகைக் கூரையை. அவர்களுக்குக் கிடைத்ததோ பெரும்பாலும் இரண்டாவது வகை.

குடியேற்றத் திட்டங்களின் காலத்தைப் பற்றிச் சுருக்கமாகவே கூறுவோம். 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திச் சட்டத்தின் பின், கிளிநொச்சிப் பகுதியில் இரணைமடு நீரை நம்பிக் குடியேறியோருக்கு நிலமும் வீட்டுக்கு உதவியும் அரசிடமிருந்து கிடைத்தன. 1958, 1977, 1983 ஆகிய ஆண்டுகளின் இன வன்முறைகளுக்குத் தப்பி மலையகத்திலிருந்து வந்த தோட்டத் தொழிலாளர் குடும்பங்களுக்கு அத்தகைய ஏற்பாடு இருக்கவில்லை. லயத்தின் தகரக் கூரையை விட்டு வந்தவர்கள் வன்னியில் மண்குடிசையில் ஏறினர். காணிக்கு உறுதிப் பத்திரம் இல்லாமலே பலர் இரண்டு தலைமுறை வாழ்ந்தனர். உறுதி இல்லாதவனுக்கு வீட்டுத்திட்டம் எளிதில் எட்டுவதில்லை என்பதைப் பின்னர் நடந்தவை காட்டின.

இனி 2009க்கு வருவோம். நந்திக்கடலுக்கும் கீழைக் கடலுக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய மணற்பரப்பிலே, அவ்வாண்டின் முதல் மாதங்களில், இலட்சக்கணக்கான மக்கள் தறப்பாளின் கீழ் நெருக்கப்பட்டனர். மணலிலே பதுங்குகுழி வெட்டி, பனங்குற்றிகளைக் குறுக்கே அடுக்கி, சேலைகளைக் கிழித்துப் பைகளாகத் தைத்து மணல் நிரப்பி மேலே வைத்தனர். முள்ளிவாய்க்காலின் கடைசிக் கூரை அதுவே. அங்கே இடைவெளி என்பதன் பொருள் வெப்பமன்று, உயிர். கூரை அடுக்குவதில் அந்த மக்கள் காட்டிய கவனத்தை அறிந்தவர் எவரும், அவர்களுக்கு வீடு கட்டத் தெரியாது என்று பின்னாளில் சொல்லத் துணியமாட்டார்.

மே மாதத்தில் போர் முடிந்தது. ஏறத்தாழ மூன்று இலட்சம் பேர் செட்டிகுளத்து மெனிக் பாம் முதலிய முகாம்களில் அடைக்கப்பட்டனர். கூடாரங்களும் தகரக் கொட்டில்களும் அங்கே குடியிருப்பாயின. மரங்கள் வெட்டப்பட்ட வெளியில் தகரத்தின் கீழ் கழிந்த பகல்களை அங்கிருந்தோர் இன்றும் மறக்கவில்லை. 2012 செப்டெம்பரில் மெனிக் பாம் மூடப்பட்டது. கண்ணிவெடி அகற்றும் வேலை நீண்டதால் முள்ளிவாய்க்கால் மக்கள் கடைசியாகத் திரும்பியோருள் அடங்குவர். திரும்பியவர்களுக்கு அகதிகளுக்கான ஐ.நா. உயர்ஸ்தானிகர் அலுவலகம் கொடுத்த இருபத்தையாயிரம் ரூபாவும் சில கூரைத் தகரங்களும் தறப்பாளுமே முதல் மூலதனம். இந்திய அரசு அனுப்பிய கூரைத் தகரம் மட்டும் பத்தாயிரம் தொன்னுக்கு மேற்பட்டது. தற்காலிகம் என்று கொடுக்கப்பட்ட இத்தகரத்தின் கீழ்ப் பல குடும்பங்கள் ஐந்தாறு ஆண்டுகள் வாழ்ந்தன. தற்காலிகம் என்னும் சொல்லுக்கு நிருவாக அகராதியில் எல்லை இல்லை.

நிரந்தர வீடு பற்றிய பேச்சு 2010இல் தொடங்கியது. இந்தியா ஐம்பதினாயிரம் வீடுகளுக்கு உதவ முன்வந்தது. முதலில் ஆயிரம் வீடுகள் முன்னோட்டமாகக் கட்டப்பட்டன. பெருந்திட்டம் 2012 ஒக்டோபர் 2ஆம் திகதி தொடங்கிற்று. நாற்பத்தாறாயிரம் வடக்குக் கிழக்குக்கு, நாலாயிரம் மலையகத்துக்கு. பெரும்பாலானவை வீட்டாரே கட்டும் முறையில் அமைந்தன. ஏறத்தாழ 550 சதுர அடி வீடு. அதற்கு 5,50,000 ரூபா. கட்டட நிலைக்கேற்பத் தவணை தவணையாகக் கொடுபடும். இத்திட்டத்தை நாம் குறைத்து மதிக்கவில்லை. ஒப்பந்தக்காரனிடம் விடாமல் வீட்டாரை முன்னிறுத்தியது அதன் பெருஞ்சிறப்பு. போரின் பின் வன்னியில் எழுந்த நல்ல வீடுகளில் மிகப் பல அதன் கீழ் எழுந்தவையே.

ஆயினும் கணக்கைப் பார்ப்போம். ஒரு சதுர அடிக்கு ஆயிரம் ரூபா. பல்லாயிரம் வீடுகள் ஒரே காலத்தில், ஒரே பிரதேசத்தில் எழும்போது மணல், மரம், கல், கூலி யாவும் விலையேறும் என்பது பொருளியலின் அரிச்சுவடி. தொகையோ ஏறவில்லை. தவணைகள் அத்திவாரம், சுவர், கூரை என்று மேலே ஏற ஏற, கையிலிருந்த பணம் கீழே இறங்கியது. ஆகவே கஞ்சத்தனம் எல்லாம் கடைசியில் வந்த பாகத்தில், அதாவது கூரையில், வந்து குவிந்தது. கைமரத்தின் கனம் குறைந்தது. சலாகைகளுக்கிடையே தூரம் கூடியது. முகட்டின் கீழ் முக்கோணச் சுவர் பூசப்படாமல் நின்றது. சீலிங்கும் வெப்பத்தடுப்பும் கணக்கிலேயே இருக்கவில்லை. நகையை அடகு வைத்தும் கடன்பட்டுமே பலர் கதவு யன்னலை முடித்தனர். கணவனைப் போரில் இழந்த பெண்களின் நிலை இன்னும் கடினம்: தம் உடலுழைப்பைச் சேர்த்துக் கூலியை மிச்சம் பிடிக்க ஆண் துணையுள்ள வீட்டுக்கு முடிந்தது, அவர்களோ ஒவ்வொரு கைவேலைக்கும் கூலி கொடுத்தனர்.

வேலையாளைப் பற்றியும் நியாயமாக நினைத்தல் வேண்டும். முப்பதாண்டுப் போர் ஒரு தலைமுறை மேசன்களையும் தச்சர்களையும் கொன்றும் கலைத்தும் விட்டது. பழகிய மூத்தாரிடம் எடுபிடியாய் நின்று தொழில் கற்கும் முறை அறுந்துபோயிற்று. சில வாரப் பயிற்சியோடு கரண்டி பிடித்த இளைஞன், சதுர அடிக் கணக்கில் கூலி பேசி, இங்கே பாதியில் விட்டு அங்கே ஓடி, ஒரே நேரத்தில் மூன்று வீடு கட்டினான். வேகத்துக்குக் கூலி கொடுத்துவிட்டு நிதானத்தை எதிர்பார்ப்பது எப்படி?

கூரையின் கீழ் விடுபடும் சிறு துண்டு அத்துணை பெரிய காரியமா என்று கேட்கலாம். ஆசிரியர்களும் மாணவர்களும் ஒரு தாளை எடுத்துக் கணக்கிட்டுப் பார்க்கட்டும். காப்பு இட்ட ஒரு சதுர அடியினூடாக ஒரு பங்கு வெப்பமும், காப்பு இல்லாத ஒரு சதுர அடியினூடாகப் பத்துப் பங்கு வெப்பமும் இறங்குவதாகக் கொள்வோம். நூறு சதுர அடியை முற்றாக மூடினால் இறங்குவது 100 பங்கு. ஐந்து சதுர அடி மட்டும் விடுபட்டால் 95 பங்கோடு 50 பங்கு சேர்ந்து 145. நூற்றில் ஐந்து விடுபட்டது. வெப்பமோ ஏறக்குறைய ஒன்றரை மடங்காகின்றது. பளபளக்கும் அலுமினியத் தாளின் கதையும் இதுவே. அது வெப்பக் கதிரைத் திருப்புவது தன் முகத்துக்கு முன்னே காற்றிடைவெளி இருக்கும்போது மட்டுமே. தகட்டோடு ஒட்டி அடித்துவிட்டால் சூடு தொடுகையினாலேயே கடந்துவிடும். தாளுக்குக் கொடுத்த காசு வீண். தாளும் தாளும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்க வேண்டும், பொருத்தில் ஒட்ட வேண்டும், ஆணி அடிக்கும்போது கிழியாமல் பார்க்க வேண்டும். முல்லைத்தீவுக் கரையின் உப்புக்காற்று ஆணியை அரிப்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும். இவை பெரிய வித்தைகள் அல்ல. பொறுமையாகச் செய்ய நேரம் வேண்டும். நேரத்துக்குக் கூலி வேண்டும்.

செல்வம் மிகுந்த நாட்டிலே இவ்வேலை எவ்வாறு நடந்தது? அதே 2009ஆம் ஆண்டு பெப்ரவரியில் அவுஸ்திரேலிய அரசு, உலகப் பொருளாதார நெருக்கடியைச் சமாளிக்கும் முகமாக, வீடுகளின் சீலிங்குக்கு இலவசமாக வெப்பக்காப்பு இடும் திட்டமொன்றை அறிவித்தது. ஓராண்டுக்குள் பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட வீடுகளில் வேலை நடந்தது. புதிய புதிய கம்பனிகள் காளான்போல் முளைத்தன. பயிற்சியற்ற இளைஞர்கள் கூரைக்குள் ஏற்றப்பட்டனர். நால்வர் இறந்தனர்; மூவர் மின்சாரம் தாக்கி, ஒருவர் கூரைக்குள்ளிருந்த கடும் வெப்பத்தினால். அவர்களுள் மிக இளையவனுக்குப் பதினாறு வயது. 2010 பெப்ரவரியில் திட்டம் நிறுத்தப்பட்டது. 2014இல் அரச விசாரணை ஆணைக்குழு தன் அறிக்கையை வெளியிட்டது. பணம் குறைவாயிருந்ததால் வன்னியில் கூரை கெட்டது. அங்கே பணம் தாராளமாயிருந்தும் வேலை கெட்டது, உயிரும் போயிற்று. இரண்டுக்கும் பொதுவானது அவசரமும், துணை ஒப்பந்தத்தின் கீழ் விலைபேசப்பட்ட அனுபவமற்ற உழைப்புமாகும். 1845இல் மன்செஸ்ரர்த் தொழிலாளர் குடியிருப்புகளைப் பற்றி எழுதிய ஏங்கல்ஸ், அங்கே புதிதாக எழுந்த வீடுகளின் சுவர் அரைக் கல் தடிப்பாய் இருந்ததைக் கவனித்தார். நிலத்தின் குத்தகை முடியும் ஆண்டோடு வீடும் சிதையும்படி கட்டுவோர் கணக்கிட்டிருந்தமையே அதன் காரணம் என்று அவர் விளக்கினார். அவர் கொத்தனாரைத் திட்டிவிட்டு நின்றுவிடவில்லை. குத்தகைப் பத்திரத்தைப் புரட்டிப் பார்த்தார்.

அதே கண்ணோடு எமது நாட்டின் கூரைத் தகட்டையும் பார்க்கலாம். இலங்கையின் கட்டடக் கலைஞர் ஜெப்ரி பாவா, சிமெந்து நெளிதகட்டைக் கீழே விரித்து அதன்மேல் பீலி ஓட்டை அடுக்கும் முறையைக் கையாண்டார். மழை புகாது, ஓட்டுக்கும் தகட்டுக்கும் இடையே காற்று நிற்கும், வீடு குளிரும். வசதி படைத்தோர் மாளிகையில் இரண்டு கூரையும், ஏழையின் வீட்டில் அதே தகடு தனியாகவும் வந்தன. அந்தத் தகட்டில் கலந்த அஸ்பெஸ்டாஸ் நுரையீரற் புற்றுக்குக் காரணமாவது உலகறிந்தது. 2018 தொடக்கம் அதன் இறக்குமதியைக் கட்டுப்படுத்த இலங்கை அரசு தீர்மானித்திருந்தது. 2017 டிசெம்பரில், தேயிலைப் பொதியொன்றில் வண்டு காணப்பட்டதாகச் சொல்லி ருஷியா இலங்கைத் தேயிலையை நிறுத்தியது, அஸ்பெஸ்டாஸ் வருவது ருஷியாவிலிருந்து, தடை கைவிடப்பட்டது, தேயிலை மீண்டும் போயிற்று. லயத்துத் தொழிலாளி பறித்த கொழுந்தும் வன்னிக் குடியானவனின் கூரையும் ஒரே பேரத்தின் இரு தட்டுகளில் நிறுக்கப்பட்டன.

இந்தப் பேரத்துக்குச் சற்று முன்னர், 2015, 2016ஆம் ஆண்டுகளில், வடக்குக் கிழக்குக்கு அறுபத்தையாயிரம் உருக்கு வீடுகளைப் பொருத்தித் தரும் திட்டம் ஒன்று வந்தது. மீள்குடியேற்ற அமைச்சு முன்வைத்த இத்திட்டத்துக்குத் தெரிவானது ஆர்செலர் மிட்டல் நிறுவனம். ஒரு வீட்டுக்கு ஏறத்தாழ இருபத்தொரு இலட்சம் ரூபா. தளபாடமும் தொலைக்காட்சிப் பெட்டியும் சேர்த்து. அத்தொகையில் இரண்டு கல்வீடு கட்டலாமே என்று தமிழ்ப் பிரதிநிதிகளும் சமூக ஆர்வலரும் கேட்டனர். அத்திவாரத்தின் பலவீனம், கூரையைத் தாங்கும் அமைப்பின் குறை, காற்றோட்டமின்மை, வெப்பம், விறகடுப்புக்கு இடமின்மை ஆகியவற்றைப் பொறியியலாளர் சுட்டிக்காட்டினர். எம்மைப் பொறுத்தவரை மிக முக்கியமான ஆட்சேபம் வேறு. கல்வீடு கட்டினால் மேசனுக்கும் தச்சனுக்கும் கல் அறுப்போனுக்கும் ஊரிலேயே கூலி. உருக்கு வீடு வந்தால் பணம் வந்த கப்பலிலேயே திரும்பிவிடும். உடைந்தால் திருத்த ஊரில் ஆளில்லை. எதிர்ப்பு வென்றது, திட்டம் முதலில் சுருங்கிப் பின்னர் கைவிடப்பட்டது. 2018இல் சீனக் கம்பனிக்கா இந்தியக் கம்பனிக்கா வீட்டு ஒப்பந்தம் என்று கொழும்பில் நடந்த இழுபறியில் மக்கள் மீண்டும் கேட்டது ஒன்றே: கல்வீடு தாருங்கள்.

பின்னர் வந்தவை கசப்பானவை. தேசிய வீடமைப்பு அதிகார சபையின் உதவியோடு தொடங்கிய வீடுகள் பல, 2019 நவம்பரில் ஆட்சி மாறியதும் தவணை நின்று, சுவர் மட்டத்தில் அப்படியே நின்றன. இருந்த கொட்டிலைப் பிரித்துவிட்டுப் புது வீட்டுக்கு அத்திவாரம் போட்டவர்களுக்குப் பழையதும் இல்லை, புதியதும் இல்லை. 2022இன் பொருளாதாரச் சரிவில், முந்திய ஆண்டு ஆயிரம் ரூபாவை ஒட்டியிருந்த சீமெந்துப் பொதி மூவாயிரத்தை எட்டியது. சீலிங்குக்கென்று பெண்கள் வாங்கிய நுண்கடன் வட்டியோடு வளர்ந்த கதை தனியே எழுதப்பட வேண்டியது. வறட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்கள் பட்ட, ஓர் இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களைத் தள்ளுபடி செய்வதாக 2018இல் அரசே அறிவிக்க நேர்ந்தமை அக்கடனின் பாரத்தை உணர்த்தும்.

முள்ளிவாய்க்காற் பக்கம் செல்வோர் இன்று ஒன்றைக் காணலாம். கல்வீட்டின் பக்கத்திலே, வேம்பின் நிழலில், கிடுகு வேய்ந்த சிறு கொட்டில் ஒன்று நிற்கும். பகலில் வீட்டார் அங்கேதான் இருப்பர். நோயாளியின் கட்டிலும் பிள்ளையின் பாடப் புத்தகமும் அங்கேதான். கல்வீடு இரவுக்கும், மழைக்கும், வருகின்ற உத்தியோகத்தருக்குக் காட்டுவதற்கும் உதவும். ஒரு வீட்டில் நாம் கேட்டபோது வயது முதிர்ந்த தாயார் சிரித்துக்கொண்டே, "அது திட்டம் தந்த வீடு தம்பி, இது நாங்கள் கட்டினது" என்றார். அந்தக் கொட்டிலின் கூரையிலும் ஒரு மூலை பிரிந்திருந்தது. வேய ஆள் தேடுகின்றார்கள். வேயத் தெரிந்தவர் அவ்வூரில் இப்போது ஒருவரே இருக்கின்றார், அவருக்கும் ஏணியில் ஏற இயலவில்லை.